கக்காத்தா மேடு

ஒத்தீலியோ ஃபெலீஸ் வாயைத் திறந்தால் பாதி வசவு, பாதி இருமல் என்று எங்கள் தீவின் போலோ மலையில் சொல்வார்கள். அது முழுக்க நியாயமில்லை. இருமல் அவருக்கு மழை மாதங்களில் மட்டும்தான். மற்ற மாதங்களில் வெறும் வசவு.

பள்ளிக்கூடம் இரண்டு வருஷம் போனார். மூன்றாம் வருஷம் காப்பிப் பழம் சிவந்த நேரத்தில் அப்பா ஒரு கூடையை எடுத்து அவர் இடுப்பில் கட்டிவிட்டார். அந்தக் கூடை பிறகு இறங்கவேயில்லை. வளர்ந்தார், ஒஃபேலியாவைக் கட்டினார், மலையில் ஒரு துண்டு நிலம் வாங்கினார். அந்த மலையில் வீடு வைக்க வேண்டுமானால் சரிவைச் செங்குத்தாக வெட்டி எடுத்துத்தான் தரை சமம் பண்ண முடியும். அப்படி வெட்டியதில் வீட்டுக்குப் பின்னால் இரண்டாள் உயரத்துக்கு ஒரு சிவப்பு மண்மேடு சுவர் மாதிரி நின்றது. அதற்கு மேலே குவாமா மரங்களின் நிழலில் காப்பிச் செடிகள். மேட்டுக்கும் வீட்டின் பின்சுவருக்கும் நடுவில் ஒரு கட்டில் போடுகிற அகலம்தான் இருந்தது.

ஒரு வருஷம் அங்கே நிஜமாகவே கட்டில் போட வேண்டிவந்தது. நிழல் அடர்ந்த கிளையைக் கழிக்கக் குவாமா மரத்தில் ஏறினார். கிளையும் அவரும் சேர்ந்தே கீழே வந்தார்கள். தொடைவரை மாவுக்கட்டு. வீட்டுக்குள் கிடந்து அவர் போட்ட சத்தத்தில் ஒஃபேலியா நாலு நாளில் களைத்துப்போனாள். "உள்ள கிடந்து என்னத் திட்ட வேணாம், வெளியே கிடந்து அந்த மேட்டத் திட்டுங்க" என்று கட்டிலைப் பின்பக்கம் இழுத்துப் போட்டுவிட்டாள்.

அங்கேதான் அவர் சிக்குயியைப் பார்த்தார். அதற்கு முன்னால் பார்க்காமல் இல்லை, காப்பித் தோட்டத்தில் தினமும் கண்ணில் படுகிற குருவிதான். கட்டைவிரல் பருமன், முதுகு வாழைக்குருத்துப் பச்சை, தொண்டையில் மட்டும் மிளகாய்ப் பழத்தைக் கடித்து ஒதுக்கிவைத்த மாதிரி ஒரு சிவப்பு. தன் பேரைத் தானே கூப்பிட்டுக்கொண்டு திரியும். பறக்கும்போது சிறகு பழந்துணி கிழிகிற மாதிரி சத்தம் போடும். இதெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் அது மரத்தில் கூடு கட்டாது, மண்ணில் வளை தோண்டும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆணும் பெண்ணும் மாறி மாறி அலகால் மேட்டைக் கொத்தின, காலால் மண்ணை வெளியே தள்ளின. கொஞ்சநஞ்ச வேலை இல்லை. கைக்குழந்தை வளையல் அளவுக்கு ஒரு ஓட்டை, அதிலிருந்து உள்ளே முழங்கை நீளத்துக்கு ஒரு சுரங்கம், அதுவும் வளைந்து போகிற சுரங்கம். குஞ்சு பொரித்த பிறகு இரண்டுக்கும் உட்கார நேரமில்லை. கிளையில் அலகை வானத்தைப் பார்க்கத் தூக்கிக்கொண்டு இருக்கும். இலைக்கு அடியில் பூச்சி அசைந்தால் ஒரு தாவு, பூச்சியோடு வளைக்குள் போகும், உடனே வெளியே வரும். மாவுக்கட்டைச் சுற்றி மொய்த்த கொசுக்களைக்கூட ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு போயின. பேசினால் பறந்துவிடுமோ என்று ஒத்தீலியோ வாயை மூடிக்கொண்டு கிடந்தார். ஒஃபேலியா இரண்டு தடவை வந்து மூச்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள்.

ஒருநாள் கீழ்வீட்டுப் பையன்கள் குச்சியோடு வந்தார்கள். அந்த ஓட்டைக்குள் என்ன இருக்கிறது என்று குத்திப் பார்க்க. எழுந்து விரட்டக் கால் இல்லை. கையில் எறியக் கல்லும் இல்லை. வாய் மட்டும்தான் இருந்தது. "கைய விடுங்கடா, நல்லா விடுங்க. கக்காத்தா வளை அது. கடிச்சா என்கிட்ட அழுதுகிட்டு வராதீங்க" என்றார்.

கக்காத்தா என்றால் உள்ளங்கை அகலத்தில் மயிர் மயிராக இருக்கும் சிலந்தி. அதுவும் மண்ணில்தான் வளை வைக்கும். எங்கள் ஊரில் கத்திக்குத்துக்குப் பயப்படாதவன்கூட அதற்குப் பயப்படுவான். பையன்கள் குச்சியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பொழுது சாய்வதற்குள் ஒத்தீலியோ வீட்டு மேடு முழுக்கக் கக்காத்தா என்று ஊர் முழுக்கப் பேச்சு. அன்றிலிருந்து அதற்குக் கக்காத்தா மேடு என்றே பேர்.

அந்தப் பொய் வேலி போட்ட மாதிரி உதவியது. நெரேயோ குவேவாஸ்கூட அதற்குப் பிறகு மேட்டுப் பேச்சை விட்டுவிட்டார். நெரேயோ பக்கத்து நிலத்துக்காரர், சின்ன வயசுக் கூட்டாளி. ஒத்தீலியோவின் மகள் யனீராவுக்கு ஞானஸ்நானத்தில் கை கொடுத்த ஞானத்தகப்பன், அவள் வாயில் 'பத்ரினோ'. அந்த நாள்வரை வாடா போடா என்று இருந்தவர்கள், கோயிலை விட்டு வெளியே வந்ததும் ஒருவரையொருவர் 'கொம்பாய்' என்றும் 'நீங்க' என்றும் கூப்பிட ஆரம்பித்தார்கள். எங்களிடம் அப்படித்தான். கொம்பாயிடம் குரல் உயர்த்தக் கூடாது, பொய் பேசக் கூடாது. அந்த மேட்டை இரண்டடி செதுக்கினால் உங்களுக்கு ஓர் அறை இழுக்கலாம், என் முற்றம் நிரப்ப எனக்கும் மண் ஆகும் என்று நெரேயோ வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தவர். எருது மாதிரி உடம்பு, ஆனால் சிலந்தி என்றால் நாற்காலி மேல் ஏறிவிடுவார். கக்காத்தா என்று காதில் விழுந்ததும் மண்ணும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றுவிட்டார்.

உண்மை தெரிந்தது ஒஃபேலியாவுக்கு மட்டும். பிள்ளை வாயிலிருந்து ஊருக்குப் போய்விடும் என்று யனீராவிடமும் பொய்யையே சொல்லி வைத்தார்கள். அப்போது அவளுக்குப் பால்பல் விழுகிற வயசு. பின் அறையில்தான் படுப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் கக்காத்தா என்று தெரிந்த நாளிலிருந்து ஜன்னலைத் திறக்க விடாமல், காலை மடக்கி மார்போடு கட்டிக்கொண்டுதான் தூங்கினாள். ஒத்தீலியோ அதைப் பார்க்காமல் இல்லை. பெரியவளானால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டார்.

பெரியவளானாள். தலைநகரத்துக்கு முடிதிருத்தும் கடை வேலைக்குப் போனாள். ஒஃபேலியா சர்க்கரை நோயில் போய்ச்சேர்ந்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒத்தீலியோவும் ஒரு வானொலிப் பெட்டியும்தான். ஞாயிற்றுக்கிழமை யனீரா போனில் கூப்பிடுவாள். "ஆசீர், அப்பா" என்பாள். "கடவுள் உன்ன ஆசீர்வதிக்கட்டும்" என்பார். பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்ததும் கேட்பதும், பெரியவர்கள் கொடுப்பதும் எங்களிடம் மூச்சு விடுகிற மாதிரி. அந்த இரண்டு வரிக்குப் பிறகு அப்பனுக்கும் மகளுக்கும் பேச ஒன்றும் இருக்காது. ஆனாலும் அந்த இரண்டு வரிக்காக ஞாயிறு காலையில் தோட்டத்துக்குப் போகாமல் இருப்பார்.

போன வருஷம் ஏப்ரலில் யனீரா வந்து இறங்கினாள். இடுப்பில் கைக்குழந்தை, தோளில் ஒரு பை. குழந்தையின் அப்பன் எங்கே என்று ஒத்தீலியோ கேட்கவில்லை. பின் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார். கொசுவலை கட்டினார். சேனைக்கிழங்கு மாதிரி ஒரு கிழங்கு இங்கே உண்டு, அதை வேகவைத்துப் பேரன் ஹைரோவுக்கு மசித்துக் கொடுத்தார். பெட்டிக்கடையில் அவர் யாரையும் திட்டாமல் உப்பு வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்து, உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள். அவள் இங்கேயே இருந்துவிட வேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

யனீரா பின் அறை ஜன்னலைத் திறந்தாள். மேட்டில் புதுசாக ஓட்டைகள்.

"அப்பா, இது இன்னும் இருக்கா?"

"அது பாட்டுக்கு இருக்கு. உன்ன என்ன செய்யுது?" என்றார்.

அவள் ஜன்னலை மூடினாள். அறை வெந்தது. குழந்தை அழுதது. மழை பெய்த மறுநாள் பாதையில் நிஜமான கக்காத்தா ஒன்று, யாருக்கும் பயமில்லை என்கிற மாதிரி நிதானமாக நடந்துபோனது. அது எங்கிருந்தோ வந்தது. ஆனால் மேட்டிலிருந்துதான் என்று யனீரா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து பையை எடுத்தாள். சனிக்கிழமை வண்டியில் போய்விடுகிறேன், கடைத் தோழி ஒருத்தியோடு ஓர் அறையில் இருந்துகொள்வேன் என்றாள்.

"தவழுற பிள்ளையப்பா. கண்டதையும் கையில எடுப்பான். நான் எப்படிக் கண்ண மூடுவேன்?"

அப்போதே சொல்லியிருக்கலாம். அது குருவிடி, கக்காத்தா இல்லடி என்று ஒரு வரி. நாக்கு நுனிவரை வந்தது. அவள் துணி மடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொன்னால் ஊரில் யாராவது ஒருத்தியிடம் சொல்வாள், அங்கிருந்து பெட்டிக்கடை, அங்கிருந்து பையன்கள். வளைகளுக்குள் அப்போது குஞ்சு இருந்தது. ஆனால் அவர் வாயைக் கட்டியது அது மட்டுமில்லை. காலை மடக்கிப் படுத்த அந்தச் சின்னப் பெண்ணுக்கும் சேர்த்து இப்போது பதில் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்வோம் என்று வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். மறுநாளும் நாளைக்கு என்றே இருந்தது.

வெள்ளிக்கிழமை களை வெட்டிவிட்டு இறங்கும்போதே மண்ணெண்ணெய் வாடை அடித்தது.

பின்பக்கம் நெரேயோ நின்றார். அந்த வெயிலில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கால்சட்டை விளிம்பைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார், கையில் நீளக் கம்பு, நுனியில் கரிந்த துணி. முகத்தில் வேர்வை ஆறாக ஓடியது. யனீரா ஜன்னலில் குழந்தையை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் வந்த நாளிலிருந்து அப்படிச் சிரித்ததில்லை. போகப் போகிறேன் என்று ஞானத்தகப்பனிடம் சொல்லிக்கொள்ளப் போயிருக்கிறாள். ஏன் என்று கேட்டிருக்கிறார். கேட்டவர் வீட்டிலிருந்த டின்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"கால் எப்படி நடுங்குச்சுன்னு உங்க மகளக் கேளுங்க, கொம்பாய்" என்றார் நெரேயோ. "ஆனா ஒண்ண விடல. ஒவ்வொரு ஓட்டையா ஊத்தி, ஒவ்வொரு ஓட்டையா வச்சேன். ஒண்ணுகூட வெளிய வரல. உள்ளயே வெந்துபோச்சு. இனி எம்பேரன் நிம்மதியாத் தூங்குவான்."

ஒத்தீலியோ மேட்டைப் பார்த்தார். ஒவ்வொரு ஓட்டையின் வாயும் கறுத்து, மேல்பக்கம் புகை நக்கியிருந்தது. துணி காயப்போடும் கம்பியில் ஒரு சிக்குயி உட்கார்ந்திருந்தது. அலகில் பச்சை வெட்டுக்கிளி, கால் இன்னும் உதறிக்கொண்டிருந்தது.

நெரேயோ நன்றியை எதிர்பார்த்து நின்றார். யாராக இருந்தாலும் எதிர்பார்ப்பார்கள். அதுவும் சிலந்திக்கு நாற்காலி ஏறுகிற மனுஷன் இத்தனை செய்திருக்கிறார். ஒத்தீலியோ உள்ளே போய்க் காப்பி போட்டார். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தார். "ரொம்ப நன்றி, கொம்பாய்" என்றார். அதைச் சொல்லும்போது இருமல் வந்தது நல்லதாகப் போயிற்று.

அன்று மாலை யனீரா பையிலிருந்து துணிகளை எடுத்துத் திரும்ப அடுக்கினாள். ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

திறந்த ஜன்னல்தான் காட்டிக்கொடுத்தது. மறுநாள் காலையில் குருவிகள் பூச்சியோடு வந்தன. கறுத்த வாய்க்கு எதிரே சிறகடித்து நின்று, உள்ளே போகாமல் திரும்பிக் கம்பியில் உட்கார்ந்தன. திரும்பவும் வந்தன. அலகிலிருந்த பூச்சியை அவை விழுங்கவில்லை, கீழே போடவும் இல்லை. அந்தத் துணி கிழிகிற சத்தம் நாள் முழுக்க. குழந்தைக்கு அது வேடிக்கையாக இருந்தது, கையை நீட்டிச் சிரித்தான். யனீரா அவனை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்கு மறுநாளும் வந்தன. பிறகு வரவில்லை.

ஒத்தீலியோ அடுப்படியில் துவரங்காய் உரித்துக்கொண்டிருந்தார். அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அதுல கக்காத்தாவே இல்ல. இல்லயா?"

"இல்ல."

"எப்பவுமே இல்ல."

"எப்பவுமே."

அவளும் கொஞ்சம் காய் எடுத்து உரித்தாள். உரித்த பருப்பைக் கிண்ணத்தில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"பத்ரினோ வராம இருந்திருந்தா, சனிக்கிழமை நான் வண்டி ஏறுறதுக்குள்ள சொல்லியிருப்பீங்களா?"

சொல்லியிருப்பேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். ஒத்தீலியோ அன்றுவரை சொன்ன பொய் போதும் என்று நினைத்தாரோ, அல்லது பதில் அவருக்கே தெரியவில்லையோ, குனிந்து காயை உரித்துக்கொண்டே இருந்தார். யனீரா கையிலிருந்த பருப்பைக் கிண்ணத்தில் கொட்டிவிட்டு எழுந்துபோனாள்.

மறுநாள் காலையில் அவள் ஆசீர் கேட்கவில்லை.

வீட்டை விட்டுப் போகவும் இல்லை. சமைத்தாள், பெருக்கினாள், ஊர்ப் பெண்களுக்கு முன்னறையில் முடி திருத்தினாள். அப்பனுக்குத் தட்டு வைப்பாள், காய்ச்சல் வந்தால் கஷாயம் வைப்பாள். ஆனால் காலையில் அவரைத் தாண்டிப் போகும்போது அந்த ஒரு வார்த்தை மட்டும் இல்லை. தலைநகரத்தில் இருந்தபோது ஞாயிறுக்கு ஒரு தடவையாவது கிடைத்தது. இப்போது ஒரே கூரைக்குக் கீழே அதுவும் இல்லை. ஒத்தீலியோ காலையில் அவள் வருகிற நேரம் பார்த்து அடுப்புக்குப் பக்கத்தில் ஏதாவது வேலை செய்கிற மாதிரி நிற்பார். அவள் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். பெட்டிக்கடையில் வசவு திரும்பி வந்துவிட்டது. முன்னைவிடக் கூடுதலாக.

நெரேயோவிடமும் அவர் சொல்லவில்லை. எதைச் சொல்வது? கொம்பாய், நான் இத்தனை வருஷம் உங்களிடம் பொய் சொன்னேன் என்றா? பயத்தை விழுங்கிக்கொண்டு நீங்கள் எரித்தது குஞ்சுகளை என்றா? ஞாயிறு சாயங்காலம் டொமினோ ஆடும்போது நெரேயோ அந்தக் கதையைப் புதுசாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். கயிறு கட்டிய கால்சட்டை, நடுங்கிய கம்பு, எல்லோரும் சிரிப்பார்கள். ஒத்தீலியோ காய்களைக் கலைத்துக்கொண்டே இருப்பார்.

இந்த ஏப்ரலில் மேட்டின் மறுகோடியில், அவகாடோ மரத்து வேர் எட்டிப் பார்க்கிற இடத்தில், புது மண் உதிர்ந்து கிடந்தது. ஹைரோ இப்போது நடக்கிறான், அவன்தான் முதலில் பார்த்துக் கை காட்டினான். யனீரா குருவிக்கு வழிவிட்டுத் துணிக்கம்பியை அவிழ்த்து முன்பக்கம் கட்டினாள்.

ஒரு காலையில் முற்றத்தில் பூட்ஸ் சத்தம். நெரேயோ. கால்சட்டையில் கயிறு, கையில் டின்.

"ஓட்ட விழுந்திருக்குன்னு கேள்விப்பட்டேன், கொம்பாய். நீங்க வாய் திறந்து கேட்க மாட்டீங்க, எனக்குத் தெரியும். இந்தத் தடவ கால் நடுங்காது."

ஒத்தீலியோ காப்பி வடிகட்டிக்கொண்டிருந்தார்.  யனீரா எங்கிருந்தோ வந்தாள். "ஆசீர், பத்ரினோ" என்றாள். அவர் கொடுத்தார். கொடுத்து முடிப்பதற்குள் டின்னை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நல்ல வேள கொண்டுவந்தீங்க. தினம் கரண்டு போகுது, விளக்குக்கு எண்ணெய் இல்ல. ஒக்காருங்க, காப்பி ஆயிடுச்சு."

"அதுக்கு மிச்சம் வைக்கிறேம்மா. மொதல்ல வேலைய..."

நெரேயோ பேசிக்கொண்டே பின்பக்கம் நடந்தார். வீட்டு மூலை திரும்பியதும் நின்றார். கைக்கெட்டுகிற தூரத்தில், அவகாடோ வேரில், சிக்குயி ஒன்று அலகைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அலகில் ஒரு அந்துப்பூச்சி. அது மனுஷருக்குப் பயப்படுகிற குருவி இல்லை. அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, துணி கிழிகிற சத்தத்தோடு ஓட்டைக்குள் போயிற்று. உள்ளேயிருந்து மெலிதாகக் கீச்சுக் கீச்சென்று கேட்டது. பிறகு வெறும் அலகோடு வெளியே வந்தது.

நெரேயோ நிதானமான ஆள், ஆனால் மந்தம் இல்லை.  திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"கொம்பாய்... அப்ப, போன வருஷம்..."

"காப்பி ஆறிடும். குடிங்க."

அவர் கோப்பையைத் தொடவில்லை. குனிந்து கால்சட்டையில் கட்டிய கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். நன்றாக இறுக்கிப் போட்ட முடிச்சு. தடித்த விரலுக்கு வசப்படவில்லை.

"தப்பு உங்களுது இல்ல" என்றார் ஒத்தீலியோ. "நான் சொன்னத நம்புனீங்க."

"நம்புறதுக்குத்தானே கொம்பாய்ங்கிறது."

 முடிச்சு அவிழ்ந்ததும் நெரேயோ கயிற்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார். கோப்பை நிறைய அப்படியே இருந்தது. டின்னையும் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு டொமினோவுக்கு நெரேயோ வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. என்ன சண்டை என்று கேட்டவர்களை ஒத்தீலியோ திட்டி அனுப்பினார். யனீரா மட்டும் ஒருநாள் காலையில் ஹைரோவை இடுப்பில் மாற்றிக்கொண்டு அடுப்பைத் தாண்டும்போது, சும்மா போகிற போக்கில், "ஆசீர், அப்பா" என்றாள். தயாராக இல்லாத மனுஷன் இருமித் தொலைத்தார். அவர் ஆசி கொடுத்தபோது அவள் முற்றத்தில் இருந்தாள். காதில் விழுந்ததோ என்னவோ.

அதே வாரம் ஒரு மத்தியானம். பள்ளிக்கூடம் விட்ட பையன்கள் குச்சியோடு மேல்பாதையில் வந்து, மேட்டின் விளிம்பில் எட்டிப் பார்த்தார்கள். ஒத்தீலியோ உள்ளேயிருந்து பார்த்துவிட்டு எழுந்தார். அவர் எழுவதற்குள் தோட்டத்துப் பக்கமிருந்து நெரேயோவின் குரல் கேட்டது. அந்த உடம்புக்குப் பொருந்தாத, கொஞ்சம் உடைந்த குரல்.

"டேய், எங்கடா போறீங்க? கக்காத்தா மேடு அது. நான் நெருப்பு வச்சும் சாகல. அவ்வளவு பெருசு. ஓடுங்க."

பையன்கள் ஓடுகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அந்தக் கனத்த பூட்ஸ் போகவும் இல்லை, வரவும் இல்லை. அங்கேயே நிற்கிற மாதிரி இருந்தது.

ஒத்தீலியோ கூப்பிடவில்லை. அடுப்பில் காப்பிக்கு வைத்த தண்ணீரில் இன்னொரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினார்.